கடல் பிளாஸ்டிக் பற்றிய இன்டராக்டிவ் பக்கங்கள் எங்கே சறுக்குகின்றன?

கடல் பிளாஸ்டிக்கை மறுசுழற்சி செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்துக்காக ஏதாவது இன்டராக்டிவாகச் செய்யலாம் என்று உட்கார்ந்தால், முதல் கூட்டத்திலேயே ஒரு யோசனை வந்துவிடும். நீலக் கடல், மிதக்கும் பாட்டில்கள். விரலால் தொட்டால் வலை வந்து அள்ளும், புள்ளி ஏறும், ஆமை சிரிக்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு நிமிடம் விளையாடியவர் என்ன நினைத்துக்கொண்டு போவார்? கடலைச் சுத்தம் செய்வது சுலபம், யாரோ செய்துகொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். திரையில் எத்தனை வாசகம் எழுதினாலும், கை செய்த வேலைதான் மனதில் தங்கும். பெரும்பாலான தவறுகளுக்கு வேர் இதுதான்.

அந்தக் காட்சியே உண்மைக்குப் பொருந்தாது. பசிபிக் பெருங்கடலின் குப்பைப் பகுதியைப் பலரும் ஒரு தீவு போல வரைகிறார்கள். அதன்மேல் யாரும் நிற்க முடியாது. கப்பலில் கடந்து போனாலும் பெரும்பாலும் வெறும் தண்ணீர்தான் தெரியும். 2018-இல் வெளியான ஆய்வின்படி, அங்கே எண்ணிக்கையில் 94 சதவீதம் நுண்துகள்கள். ஆனால் எடையில் அவை வெறும் 8 சதவீதம். எடையில் கிட்டத்தட்ட பாதி மீன்பிடி வலைகள். ஆக, பாட்டிலை அள்ளும் விளையாட்டு, கண்ணில் எளிதில் படாத துகளையும் விட்டுவிடுகிறது, கனமான வலையையும் விட்டுவிடுகிறது.

சரி, கைக்கு வேறு என்ன வேலை கொடுப்பது? மறுசுழற்சியின் உண்மையான வேலை அள்ளுவதல்ல, பிரிப்பது. குடிநீர் பாட்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பில் ஒரு துண்டு, மூடியில் ஒரு துண்டு வெட்டித் தண்ணீர் நிரம்பிய கிண்ணத்தில் போடுங்கள். ஒட்டியிருக்கும் காற்றுக்குமிழி போக விரலால் ஒருமுறை அமுக்கி விடுங்கள். மூடித் துண்டு மேலே வரும், பாட்டில் துண்டு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். பாட்டில் பெட் (PET) என்ற வகைப் பிளாஸ்டிக், தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் இதற்குச் சுமார் 1.38. மூடி பாலிஎத்திலீன் அல்லது பாலிப்ரொப்பிலீன், இரண்டும் தண்ணீரைவிட லேசு. மறுசுழற்சி ஆலைகளில் பெரிய தொட்டிகளில் நடப்பதும் இதேதான். கண்காட்சியாக இருந்தால் நிஜமாகவே ஒரு தொட்டி வையுங்கள். திரையாக இருந்தால், எது மிதக்கும் என்று முதலில் ஊகிக்கச் சொல்லிவிட்டு அப்புறம் போடச் சொல்லுங்கள். ஊகம் தப்பானால்தான் ஞாபகம் நிற்கும்.

பிரிக்கும் விளையாட்டிலும் ஒரு பொறி உண்டு: பிளாஸ்டிக் பொருட்களில் எண்ணோடு இருக்கும் முக்கோண அம்புக் குறி. 1988-இல் வந்த அந்த 1 முதல் 7 வரையிலான எண்கள் பிளாஸ்டிக்கின் வகையை மட்டுமே சொல்கின்றன, மறுசுழற்சி ஆகும் என்று உறுதி சொல்லவில்லை. இந்தக் குழப்பம் தீரட்டும் என்றுதான் 2013-இல் தரநிலையில் அம்புகளை நீக்கிச் சாதாரண முக்கோணமாக மாற்றினார்கள். அதைப் போய் எல்லாத் தொட்டியிலும் அலங்காரமாக ஒட்டி வைக்கிறோம்.

எதற்கும் ஆகாததைப் போட ஒரு தொட்டி இல்லாமல் விடுவது அடுத்த தவறு. கடலில் கிடந்த பிளாஸ்டிக் வெயிலில் நொறுங்கியிருக்கும், உப்பும் பாசியும் ஏறியிருக்கும், நாலு வகை ஒன்றாகப் பின்னியிருக்கும். போட்டதெல்லாம் புதுச் செருப்பாக வெளியே வருவதாகக் காட்டினால் அது விளம்பரம். 2015 வரை உலகில் உருவான பிளாஸ்டிக் கழிவில் மறுசுழற்சிக்குப் போனது சுமார் 9 சதவீதம்தான். "நம் வேலையை நாமே குறைத்துக் காட்டுவதா?" என்று நிறுவனத்தில் யாராவது தயங்குவார்கள். அந்தத் தொட்டி நிரம்புவதைப் பார்ப்பவருக்குத்தான் இவர்கள் வேலை எவ்வளவு கஷ்டம் என்று புரியும் என்பது என் கட்சி.

வேலை தொடங்கும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: நீங்கள் எடுப்பது கடலிலிருந்தா, கடலுக்குப் போகவிருந்ததா? கரையிலிருந்து சுமார் 50 கிலோமீட்டருக்குள் நிலத்தில் சேகரித்ததையும் கடல் பிளாஸ்டிக் கணக்கில் சேர்ப்பவர்கள் உண்டு. நல்ல வேலைதான், ஆனால் அதற்கு நடுக்கடல் கப்பல் படம் போடாதீர்கள்.

எண்களிலும் கவனம் தேவை. விநாடிக்கு விநாடி ஓடும் "அகற்றிய கிலோ" மீட்டர் பல இடங்களில் சராசரியை வைத்து ஓட்டும் பொம்மை. அதற்குப் பதில், கடைசியாக எடை போட்ட தேதியையும் எடையையும் போடலாம். பாட்டில் மக்க 450 ஆண்டு என்ற புகழ்பெற்ற எண்ணும் மதிப்பீடுதான். பெட் பாட்டிலுக்குக் காப்புரிமை கிடைத்ததே 1973-இல், யாரும் காத்திருந்து பார்க்கவில்லை.

செத்த ஆமை, உடனே நன்கொடைப் பொத்தான் என்று முடிக்க வேண்டாம். அழவைத்துப் பணம் கேட்டால் அடுத்த முறை பக்கத்தைத் திறக்கவே மாட்டார்கள்.

தொழில்நுட்பத்தில் வழக்கமான பாவங்கள்தான். விலை குறைந்த போனில் திணறும் முப்பரிமாணக் கடல். சிவப்பு, பச்சை நிறத்தை மட்டுமே நம்பிய தொட்டிகள். அந்த வித்தியாசம் தெரியாதவர்கள் நிறையப் பேர், ஆகவே பெயரும் வடிவமும் சேர்த்துக் கொடுங்கள். ஓடிக்கொண்டே இருக்கும் பொடிப்பொடி இலக்குகள். இணையப் பக்கத்தை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்துவதற்கான அணுகல் வழிகாட்டுதல் கேட்பது குறைந்தது 24 பிக்சல், விரலுக்கு அதுவே இறுக்கம். அசைவைக் குறைக்கச் சொல்லி போனில் அமைத்து வைத்தவருக்கு அலையை நிறுத்திவிடுங்கள். அப்புறம், கண்காட்சியில் பரிசாக பிளாஸ்டிக் பேட்ஜ் கொடுக்காதீர்கள். சிரிக்கிறீர்கள், நடக்கிறது.

இத்தனைக்கும் மேல், வடிவமைப்பாளர்கள் வழக்கமாகப் பேசிப் பார்க்காத ஆட்கள் பிரிப்பு மேசையில் நிற்பவர்கள். அவர்களிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். பழகிய கை அந்த 1 முதல் 7 வரை எண்ணைத் தேடாது, கவரைக் கசக்கிப் பார்க்கும். பாலிப்ரொப்பிலீன் சரசரக்கும், அடர்த்தி குறைந்த வகைப் பாலிஎத்திலீன் பை அதிகச் சத்தமில்லாமல் மசியும். அந்த இரண்டு சத்தத்தையும் பதிவு செய்துகொண்டு வாருங்கள். பொத்தானை அழுத்தினால் மட்டும் ஒலிக்கட்டும், கேட்டுவிட்டு எந்தத் தொட்டி என்று பார்வையாளர் சொல்லட்டும்.