மச்சில் கிடக்கும் பழைய வேக்குவம் கிளீனரை ஓடவைக்க

1982-இல் தொடங்கிய யுரேகா போர்ப்ஸ் வீடு வீடாக வந்து விற்ற யூரோகிளீன், பாளையங்கோட்டைப் பக்கம் பல வீட்டு மச்சில் இன்றும் கிடக்கும். பட்டாசலில் ஜமுக்காளத்தை அது உறிஞ்சும்போது பிள்ளைகள் வாய்பிளந்து கேட்ட சத்தத்தைத் திரும்பவும் கேட்கலாம்.

இறக்கியதும் பிளக்கில் சொருகாதீர்கள். ஒயரை எலி கடித்திருந்தாலோ வெடித்திருந்தாலோ டேப் சுற்றாமல் முழுசாக மாற்றுங்கள்.

அடுத்தது மோட்டாரின் இரண்டு கார்பன்கள், அதாவது சுழலும் பகுதியை உரசி அதற்குக் கரண்ட் கொடுக்கும் கரிக்கட்டைகள். 7 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். கார்பன் உரசும் செம்பு வளையம் கறுத்திருந்தால் 600-ஆம் நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, பள்ளங்களில் இருக்கும் கரித்தூளைப் பிரஷ்ஷால் எடுங்கள். புதுக் கார்பனின் முகம் வளையத்தோடு பொருந்த, ஹோஸ் மாட்டாமல் 15 நிமிடம் ஓடட்டும். சின்ன நீலப் பொறி இருக்கும், பயமில்லை. வளையத்தைச் சுற்றியே நெருப்பு ஓடினால் ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுழலும் காயில் பகுதி) போய்விட்டது. காயில் கட்டும் கடைக்குத்தான் போக வேண்டும்.

நம் ஊரில் இந்த மிஷினைக் கொல்வது ஆனி, ஆடிக் காற்றில் வரும் புழுதி. செம்மண் தூள் துணிப்பையின் கண்களை அடைத்துவிடும். மோட்டாரைக் குளிரவைப்பதும் பை வழியாக வரும் காற்றுதான் என்பதால் பை அடைத்தால் சூடேறிக் கருகும். பாதி நிறைந்ததுமே உதறுங்கள். துவைத்தால் நன்றாகக் காயவையுங்கள். ஈரப்பையில் புழுதி சேறாக அப்பிவிடும்.

கடைசியாக ஹோஸ். ஓடும்போது நுனியை உள்ளங்கையால் அடையுங்கள். மோட்டார் சத்தம் கீச்சென்று உயர்ந்தால் நல்லது. மாறவே இல்லையென்றால் எங்கோ ஓட்டை. பெரும்பாலும் கைப்பிடிக்கு அருகே, மடங்கும் இடத்தில் இருக்கும்.