கேன்யன் டி ஷே: போகிறவர்கள் செய்யும் தவறுகள்

தண்ணீர் எடுத்துப்போங்கள், தொப்பி போடுங்கள் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. அமெரிக்காவின் அரிசோனாவில், நவாஹோ என்ற பூர்வகுடி மக்களின் நிலத்தில் இருக்கும் இந்தப் பள்ளத்தாக்குக்கு ஃபீனிக்ஸிலிருந்து பல தடவை ஆட்களைக் கூட்டிப் போயிருக்கிறேன். போன மாதம் வந்த நண்பர், முதல் பயணத்தில் நான் உளறியதையே வரி பிசகாமல் உளறினார். அதனால்தான் இது.

"நவாஹோக்கள் கட்டிய பாறை வீடு"

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். செங்குத்துப் பாறையின் குடைவில் 'ஒயிட் ஹவுஸ்' இடிபாடு தெரிந்ததும், ஜீப் ஓட்டிய நவாஹோ வழிகாட்டியிடம், "உங்கள் முன்னோர் அவ்வளவு உயரம் எப்படி ஏறினார்கள்?" என்றேன். வண்டி நின்றது. "அது எங்கள் வீடு இல்லை. நாங்கள் அதற்குள் போகவும் மாட்டோம்" என்றார். அப்புறம் திரும்பும்வரை பாறைகளின் பெயரை மட்டும் சொன்னார். நான் காசு கொடுத்ததே கதை கேட்கத்தான்.

கட்டியவர்கள் ப்யூப்ளோ என்ற வேறு பூர்வகுடி மக்களின் முன்னோர். 1300-ஐ ஒட்டி இங்கிருந்து கிளம்பினார்கள். உடனே "மர்மமாக மறைந்துபோனார்கள்" என்று ஆரம்பிக்காதீர்கள்; அவர்கள் வழிவந்த ஹோப்பி இன மக்கள் பக்கத்திலேயேதான் இருக்கிறார்கள். நவாஹோக்கள் வந்தது சில நூற்றாண்டுகள் கழித்து. அவர்கள் கதை மேலே இல்லை, கீழே பள்ளத்தின் மண்ணில் இருக்கிறது: கிழக்கே வாசல் வைத்த ஹோகன் வீடுகள், சோளக்கொல்லை, பீச் மரங்கள். 1864-இல் அமெரிக்கப் படை அந்த பீச் தோப்புகளை வெட்டிச் சாய்த்தது. பிடிபட்டவர்களை நூற்றுக்கணக்கான மைல் நடக்கவைத்து நியூ மெக்சிகோவில் அடைத்தது. 1868 ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் ஊர் திரும்பினார்கள். இடிபாட்டையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்ததில் இதையெல்லாம் கேட்காமலே திரும்பினேன். அடுத்த தடவை, வேறு வழிகாட்டியிடம், வாயை மூடிக்கொண்டிருந்து கேட்டேன்.

கேமரா

ஆட்களையும் வீடுகளையும் கேட்காமல் எடுக்காதீர்கள். மேலே விளிம்பில் நின்று ஜூம் போட்டாலும் அது ஒருவர் குடியிருக்கும் வீடுதான்.

தனியாக இறங்குவது

வேண்டாம். 1931-இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்த பிறகும் நிலம் நவாஹோக்களுடையது. வழிகாட்டியோடு போங்கள்.

பெயர்

Chelly என்று எழுதியிருப்பதை எழுத்துக்கூட்டி "செல்லி" என்று படிக்காதீர்கள். ஷே.

கடிகாரம்

அரிசோனா கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளாது. அதற்குள்ளேயே இருக்கும் நவாஹோக்களின் தன்னாட்சிப் பகுதி தள்ளும். கோடையில் ஃபீனிக்ஸில் 8 மணி என்றால், பள்ளத்தாக்கை ஒட்டிய சின்லி ஊரில் 9. ஜீப் போயிருக்கும்.