குதிரைவாலிக்கு ஒரு டிரம் ஜீவாமிர்தம்

பேரையூர் பக்கம் எங்களுக்கு மானாவாரிக் கரிசல். குதிரைவாலிக்கு யூரியா வாங்குவதை நிறுத்திவிட்டு, சாணமும் கோமியமும் புளிக்க வைத்த கரைசலான ஜீவாமிர்தம் ஊற்றுகிறேன். உரக்கடைக் கடன் இல்லை, விளைந்ததில் வீட்டுச் சோற்றுக்கும் மிஞ்சுகிறது.

ஏக்கருக்கு 200 லிட்டர் டிரம். நாட்டு மாட்டுச் சாணம் 10 கிலோ, கோமியம் 10 லிட்டர், வெல்லம் 2 கிலோ, பயறு மாவு 2 கிலோ, வரப்பு மண் ஒரு கைப்பிடி. அப்புறம் கிணற்றுத் தண்ணீர். குளோரின் போட்ட குழாய்த் தண்ணீர் வேண்டாம்.

நிழலில் வைத்து, காலையும் மாலையும் குச்சியால் கலக்குங்கள். சாக்கால் மட்டும் மூடுங்கள். முதல் தடவை நான் பாலிதீன் போட்டு இறுக்கிக் கட்டினேன்; அடித்த நாற்றத்தில் மாமியார் திண்ணையை விட்டே எழுந்து போனார். பக்குவமானால் புளித்த வாடைதான் வரும்.

இரண்டு நாளில் தயார். ஒரு வாரத்துக்குள், மழை பெய்து மண்ணில் ஈரம் இருக்கும்போது ஊற்றிவிடுங்கள்.