தொடையில் தட்டும் தாளத்திலிருந்து ஒரு காமிக்ஸ் நாயகி

கறுப்பினப் பண்பாட்டையும் வரலாற்றையும் எதிர்காலக் கற்பனையோடு இணைக்கும் கலைப்போக்குதான் ஆப்ரோஃபியூச்சரிசம். அப்படியொரு நாயகியை உருவாக்க உட்காருபவர்கள் பலரும் பொற்கவசத்தையும் விண்கலத்தையும்தான் முதலில் வரைகிறார்கள். நான் தாளத்தில் தொடங்குவேன். கறுப்பின இசை வரலாற்றில் ஒரு கருவி எப்படிப் பறிபோனது, எப்படிப் பிறந்தது என்று தேடுங்கள். கதாபாத்திரத்தின் சக்தி அங்கேதான் கிடைக்கும்.

என் நாயகி ஒரு சட்டத்திலிருந்து பிறந்தவள். 1739இல், அப்போது பிரிட்டிஷ் காலனியாக இருந்த அமெரிக்காவின் தென் கரோலினாவில், ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைப்படுத்தப்பட்டவர்கள் முரசு முழங்கக் கிளர்ந்தெழுந்தார்கள். மறு ஆண்டே அந்தக் காலனி அவர்களுக்கு முரசையும் கொம்பையும் தடைசெய்தது. உடம்பை யாரால் பறிமுதல் செய்ய முடியும்? தொடை, மார்பு, உள்ளங்கை, குதிகால் என்று தாளம் தொடர்ந்தது. ‘ஜூபா’ என்பது அந்தத் தட்டு.

இதை எதிர்காலத்துக்குக் கொண்டுபோங்கள். சனியின் வளையத்தில் ஒரு சுரங்க நிலையம். இசைக்கருவிகளுக்கு அங்கே தடை. சனியைத் தேர்ந்தெடுத்தது சன் ராவுக்காக. 1914இல் அலபாமாவில் பிறந்த அந்த ஜாஸ் மேதை, தான் சனியிலிருந்து வந்ததாகவே சொல்லிவந்தார். நாயகி தொடையில் தட்டினால் அதிர்வு நிலையத்தின் உலோகத்தில் ஏறி, தொலைவில் இருப்பவருக்குச் செய்தியாகும்.

சக்திக்கு எல்லை கட்டாயம் வேண்டும். இங்கே இயற்பியலே அதைத் தருகிறது: வெற்றிடத்தில் ஒலி பரவாது, உலோகத்தில் பரவும். நிலையத்துக்கு வெளியே அவள் உடல் உலோகத்தை விட்டு முழுதும் விலகினால் அவள் குரலற்றவள். சண்டைக் காட்சிகளை இந்த ஒரு விதியே எழுதிக்கொடுக்கும்.

முகத்தைவிடக் கைகளுக்கு அதிக நேரம் கொடுங்கள். மணிக்கட்டு தளர்ந்திருக்கும். உள்ளங்கை தொடையில் அறைந்து மார்புக்கு எழும். இறங்கும் வழியில் புறங்கை தொடையில் படும். மூன்று அடிக்கு மூன்று ஒடுக்கமான கட்டங்கள், பிறகு ஒரு வெற்றுக் கட்டம். நான்காவது அடியை வாசகரே போட்டுக்கொள்வார். கருந்தோலை ஒரே சாம்பல் பூச்சால் நிரப்பும் சோம்பல் எனக்குக் கோபமூட்டுகிறது. கன்ன எலும்பிலும் மூக்கின் முகட்டிலும் ஒளியை விட்டுவையுங்கள். நிழலுக்கு நீலமும் செம்பழுப்பும் கலந்து பாருங்கள்.

துணைக்கு ஒரு மெக்கானிக் இருக்கட்டும். ஜமைக்காவின் கிங்ஸ்டனில் எலக்ட்ரானிக் சாதனங்களைப் பழுதுபார்த்த கிங் டப்பி, பதிவான பாடலிலிருந்து குரலை விலக்கி, டிரம்ஸையும் பேஸையும் எதிரொலியில் மிதக்கவிட்டு ‘டப்’ இசைக்கு வடிவம் கொடுத்தார். அதே வித்தையால் ஓர் அறையின் பேச்சொலியை மட்டும் இந்த மெக்கானிக் உருவிவிடட்டும். காவலர்களின் பேச்சுக் குமிழ்கள் காலியாகத் தொங்கும். தாளம் மட்டும் ஊர்ந்து போகும்.

இந்தக் கலைஞர்களின் முகத்தையும் உடையையும் நகலெடுக்காதீர்கள். அவர்கள் ஒலியை உண்டாக்கிய முறையை எடுத்துக்கொள்ளுங்கள்.

பெயரைக் கடைசியில் வையுங்கள். சன் ரா 1952இல் சட்டப்படி தன் பெயரை மாற்றிக்கொண்டவர். நாயகிக்கும் நிலையம் கொடுத்த எண் ஒன்று, அவளே தேர்ந்த பெயர் ஒன்று இருக்கட்டும். யாரிடம் எதைச் சொல்கிறாள் என்பதிலேயே, அவள் யாரை நம்புகிறாள் என்பது வாசகருக்குப் புரிந்துவிடும்.