வெளிநாட்டுச் சம்பளமும் ரூபாயின் ஏற்ற இறக்கமும்: மலைக் குடும்பங்களுக்கான செய்முறை விளக்கம்

நீலகிரியின் கூடலூர், பந்தலூர் பகுதிகளிலிருந்து வளைகுடா நாடுகளுக்கும், குன்னூர், கோத்தகிரி பகுதிகளிலிருந்து பிரிட்டனுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்கோ படிப்புக்கோ சென்றிருப்பவர்களின் வீடுகளில், ‘டாலருக்கு நிகரான ரூபாய் மதிப்பு சரிந்தது’ என்ற செய்தி வந்த உடனே அது நமக்கு நல்லதா கெட்டதா என்ற கேள்வி எழுகிறது. இதற்கு எல்லாருக்கும் பொதுவான பதில் கிடையாது. ஆனால் ஒரு நோட்டும் கைப்பேசியில் உள்ள கால்குலேட்டரும் இருந்தால், உங்கள் வீட்டுக்கான பதிலை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

படி 1: வரவும் செலவும் எந்த நாணயத்தில் என்று எழுதுங்கள்

நோட்டின் ஒரு பக்கத்தில் குடும்பத்தின் வரவுகளையும், எதிர்ப்பக்கத்தில் செலவுகளையும் கடன்களையும், ஒவ்வொன்றின் அருகிலும் அதன் நாணயத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். துபாயில் திர்ஹாமில் சம்பாதித்து, ஊரில் வீட்டுக் கடனை ரூபாயில் கட்டுபவருக்கு ரூபாய் சரிந்தால் ஆதாயம். ஊரில் தேயிலைத் தோட்ட வருமானத்தை நம்பி மகளை அமெரிக்காவில் படிக்க வைப்பவருக்கு அதே சரிவு நேரடி இழப்பு. ஆண்டுக் கட்டணம் 20,000 டாலர் என்றால், டாலர் 85 ரூபாயாக இருக்கும்போது 17 லட்சம் ஆகும். 90 ரூபாய் ஆனால் 18 லட்சம் ஆகும். கல்லூரி கட்டணத்தை உயர்த்தாமலேயே ஒரு லட்சம் கூடிவிடுகிறது. ஒரே வீட்டில் மகன் துபாயிலும் மகள் அமெரிக்காவிலும் இருந்தால், ஒன்றின் ஆதாயம் மற்றொன்றின் இழப்பை ஓரளவு ஈடுகட்டும். ஆகவே இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அவசியம்.

படி 2: அந்த நாணயம் எதனோடு கட்டப்பட்டுள்ளது என்று பாருங்கள்

ஐக்கிய அரபு அமீரகத்தின் திர்ஹாம் 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 என்ற அளவில் நிலையாக வைக்கப்பட்டுள்ளது. சவூதி ரியால் டாலருக்கு 3.75 ஆகவும், கத்தார் ரியால் 3.64 ஆகவும் நிற்கின்றன. இந்நாடுகளில் இருப்பவர்கள் டாலருக்கும் ரூபாய்க்கும் உள்ள விகிதத்தை மட்டும் கவனித்தால் போதும். குவைத் தினார் 2007 முதல் பல நாணயங்களின் கூடை ஒன்றோடு, அதாவது அவற்றைச் சேர்த்துக் கணக்கிடும் மதிப்போடு, இணைக்கப்பட்டுள்ளது. சிங்கப்பூர் டாலரும் கூடை முறையிலேயே நிர்வகிக்கப்படுகிறது. பிரிட்டனின் பவுண்டோ சந்தையில் தானாக மிதக்கும் நாணயம்.

இந்த வேறுபாட்டைக் கவனிக்காதவர்கள் செய்தியைத் தவறாகப் படிக்க நேரும். 2022-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு பவுண்டு சுமார் 1.35 டாலராக இருந்தது. செப்டம்பர் 26 அன்று 1.03 டாலர் அளவுக்குக்கூட வீழ்ந்தது. அதே காலத்தில் டாலருக்கு எதிராக ரூபாயும் சரிந்துகொண்டிருந்தது என்றாலும், பவுண்டு அதைவிட வேகமாக விழுந்ததால், பிரிட்டனில் செவிலியராக வேலை பார்ப்பவர் அனுப்பிய அதே பவுண்டுத் தொகைக்கு வீட்டில் குறைவான ரூபாயே கிடைத்தது. ‘ரூபாய் வீழ்ச்சி’ என்ற தலைப்பைப் பார்த்துக் கூடுதல் பணத்தை எதிர்பார்த்த குடும்பங்களுக்கு அது ஏமாற்றமாகவே இருந்திருக்கும்.

படி 3: கையில் வரும் தொகையைக் கணக்கிடுங்கள்

மாதம் 2,000 திர்ஹாம் வருவதாக வைத்துக்கொள்வோம். டாலர் 85 ரூபாய் என்றால், அதை 3.6725-ஆல் வகுக்க ஒரு திர்ஹாம் 23.145 ரூபாய் ஆகிறது. 2,000 திர்ஹாமுக்கு 46,290 ரூபாய். டாலர் 90 ரூபாய் ஆனால் அதே 2,000 திர்ஹாம் ஏறத்தாழ 49,013 ரூபாய். வித்தியாசம் 2,700 ரூபாய்க்குச் சற்று மேல்.

படி 4: சந்தை விகிதத்தையும் உங்களுக்குக் கொடுக்கப்படும் விகிதத்தையும் ஒப்பிடுங்கள்

என் பார்வையில் இதுவே மிக முக்கியமான படி. ரூபாயின் போக்கு நம் கையில் இல்லை. எந்த வழியில் பணத்தை அனுப்புவது என்பது நம் கையில்தான் இருக்கிறது. குன்னூர் ஏலத்தில் தேயிலைத் தூள் என்ன விலைக்குப் போகிறது என்பதும், பச்சைத் தேயிலை கொடுக்கும் சிறு விவசாயியின் கையில் என்ன வந்து சேர்கிறது என்பதும் வேறு வேறு என்பதை நீலகிரியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நாணய மாற்றிலும் அப்படித்தான். இணையத்தில் தெரிவது சந்தை விகிதம். உள்ளே வரும் பணத்துக்கு வங்கி தருவது அதைவிடக் குறைவான ‘டிடி பையிங்’ (TT Buying) விகிதம். வெளியே போகும் பணத்துக்கு நம்மிடம் வாங்குவது சந்தை விகிதத்தைவிடக் கூடுதலான ‘டிடி செல்லிங்’ (TT Selling) விகிதம்.

சந்தையில் திர்ஹாம் 24.50 ரூபாயாக இருக்கும் ஒரு நாளில் இரண்டு சேவைகளை ஒப்பிடுவோம். முதல் சேவை ‘கட்டணம் இல்லை’ என்று விளம்பரம் செய்து, 24.20 விகிதம் தருகிறது. 2,000 திர்ஹாமுக்கு 48,400 ரூபாய் வரும். இரண்டாவது சேவை 15 திர்ஹாம் கட்டணம் பிடித்துக்கொண்டு 24.45 விகிதம் தருகிறது. மீதி 1,985 திர்ஹாமுக்கு 48,533 ரூபாய் வரும். கட்டணம் வாங்குவதே இங்கே மலிவு! ஆனால் அனுப்புவது 500 திர்ஹாம் மட்டும் என்றால் முதல் சேவையில் 12,100 ரூபாயும் இரண்டாவதில் 11,858 ரூபாயும் கிடைக்கும், முடிவு தலைகீழாகிவிடுகிறது. ஆகவே விகிதத்தையும் கட்டணத்தையும் தனித்தனியே கேட்டுக்கொண்டிருக்காமல், ‘இத்தனை திர்ஹாம் கொடுத்தால் ஊரில் கணக்கில் எத்தனை ரூபாய் விழும்?’ என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள். வாரந்தோறும் சிறிது சிறிதாக அனுப்புபவர்கள், நிலையான கட்டணம் உள்ள இடத்தில், மாதம் ஒருமுறை சேர்த்து அனுப்பினால் மிச்சமாகும். நாணய மாற்றின் மீது இந்தியாவில் சிறிதளவு ஜிஎஸ்டியும் உண்டு. கணக்கு சில ரூபாய் இடித்தால் அதையும் பாருங்கள்.

படி 5: கூடுதலாக வந்த ரூபாயால் என்ன வாங்க முடிகிறது என்று பாருங்கள்

நீலகிரியில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் ஏராளம். அங்கே இன்னும் உறவினர்கள் உள்ளவர்கள் 2022-ஐ மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஆண்டு மார்ச் மாதம் இலங்கை ரூபாயைச் சந்தையின் போக்கில் விட்ட பிறகு, டாலருக்குச் சுமார் 200 என்றிருந்த மதிப்பு மே மாதத்துக்குள் 360 அளவுக்குச் சரிந்தது. வளைகுடாவிலிருந்து வந்த பணம் இலங்கை ரூபாயில் பெருத்தது. ஆனால் செப்டம்பரில் விலைவாசி உயர்வு ஆண்டுக்கு 70 விழுக்காட்டை ஒட்டி நின்றதால், அந்தப் பெருக்கத்தின் பெரும்பகுதியை அரிசிக் கடையும் மருந்துக் கடையும் எடுத்துக்கொண்டன. இந்தியாவில் விளைவு அவ்வளவு கடுமையாக இருந்ததில்லை. என்றாலும் கச்சா எண்ணெயும், தங்கமும், தோட்டத்துக்குப் போடும் பொட்டாஷும் பெரும்பாலும் இறக்குமதியாகவே வருவதால், ரூபாய் சரிந்தால் அவற்றின் விலையில் அழுத்தம் கூடும்.

படி 6: சேமிப்புக்குரிய கணக்கைத் தேர்ந்தெடுங்கள்

வெளிநாட்டில் வசிப்பவர் ஊரில் உள்ள பழைய சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது, அதை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். ஊரில் வரும் வாடகை போன்ற வருமானம் அதில் சேரும். வட்டிக்கு வரி உண்டு. வெளிநாட்டுச் சம்பளத்தைப் போடுவதற்கு என்.ஆர்.இ. கணக்கு உள்ளது, அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, பணத்தைத் தடையின்றித் திரும்ப எடுத்துச் செல்லலாம். ஆனால் அது ரூபாயில் இருப்பதால், மீண்டும் டாலராக மாற்ற நேர்ந்தால் இடைப்பட்ட சரிவின் இழப்பு உங்களுடையது. எஃப்.சி.என்.ஆர். வைப்பு ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை அயல்நாட்டு நாணயத்திலேயே இருக்கும் என்பதால் அந்த இழப்பு இல்லை. திரும்பி வந்து ஊரில் வீடு கட்டப் போகிறவருக்கு என்.ஆர்.இ. பொருந்தும், அங்கேயே குடியேறவோ பிள்ளையை மூன்றாம் நாட்டுக்கு அனுப்பவோ எண்ணுபவர் எஃப்.சி.என்.ஆர். பற்றி வங்கியில் விசாரிக்கலாம்.

படி 7: விகிதத்துக்காகக் காத்திருப்பதற்கு வரம்பு வையுங்கள்

‘இன்னும் ஐம்பது காசு ஏறட்டும்’ என்று பணத்தை அங்கேயே நிறுத்தி வைக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. 2,000 திர்ஹாமில் ஐம்பது காசு என்பது 1,000 ரூபாய். அதற்காகக் காத்திருக்கும் மாதத்தில் ஊரில் கடன் தவணை தவறினால், அபராதமும் கூடுதல் வட்டியும் அந்த ஆதாயத்தைக் கரைக்கத் தொடங்கும். தவணைக்கும் வீட்டுச் செலவுக்கும் உரிய தொகையை விகிதம் எதுவாயினும் குறித்த தேதியில் அனுப்பிவிட்டு, அதற்கு மேல் மிஞ்சும் தொகையோடு மட்டும் காத்திருங்கள். வெளிநாட்டுக் கல்விக் கட்டணம் கட்டுபவர்கள், கல்லூரி அனுமதித்தால், ஒரே நாளில் முழுத் தொகையையும் மாற்றாமல் தவணைகளாகப் பிரித்து மாற்றலாம். மிக மோசமான விகிதத்தில் மொத்தமும் மாட்டிக்கொள்வது இதனால் தவிர்க்கப்படும். ஒவ்வொரு முறையும் தேதி, அனுப்பிய தொகை, கணக்கில் விழுந்த ரூபாய் ஆகிய மூன்றையும் நோட்டில் குறித்து, ரசீதை வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்வரை பத்திரப்படுத்துங்கள்.