குல்லா, கண்ணாடி, ஈரக்காற்று: மலையில் இருப்பவர்கள் ஹெட்போன் தேர்ந்தெடுப்பது எப்படி?

பக்கத்து வீட்டுத் தம்பிக்கு இப்போது வீட்டிலிருந்தே வேலை. தினமும் ஆறு மணி நேரம் அழைப்புகளில் பேச வேண்டும். "அண்ணா, நாளைக்குக் கீழே போறேன். கோயம்புத்தூர்ல எந்த ஹெட்போன் வாங்கட்டும்?" என்று கேட்டான். குன்னூர் பெட்ஃபோர்டில் பஸ் வருவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமா அது? அவனிடம் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து, முதன்முதலாக வாங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

ஒலி நன்றாக இருக்க வேண்டும், காது வலிக்கக் கூடாது, பார்க்க அழகாகவும் இருக்க வேண்டும் என்று மூன்று ஆசைகளோடு கடைக்குப் போகிறோம். என் அனுபவத்தில் முதல் இரண்டும் ஒன்றுதான். காதுமெத்தை சரியாகப் படியாவிட்டால் இடைவெளி வழியாக பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, ஒழுகிவிடும். பிறகு எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் பாட்டு தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போலத்தான் கேட்கும்.

படி 1: எங்கே போடப்போகிறீர்கள்?

மேட்டுப்பாளையம் பஸ்ஸில் 14 கொண்டை ஊசி வளைவுகளும் இன்ஜின் உறுமலோடுதான் கடக்கும். அப்படி ஒரே சீராக வரும் தாழ்ந்த இரைச்சலைக் குறைப்பதில் ஏ.என்.சி. (வெளிச்சத்தத்தை எதிர் ஒலியால் அடக்கும் வசதி) கெட்டி. ஆனால் ஜூலை மழை தகரக் கூரையில் அடிக்கிற சடசடப்பு வேறு வகை. அந்தக் கூர்மையான சத்தத்தை ஏ.என்.சி. அவ்வளவாகக் குறைக்காது; காதை முழுவதும் மூடும் தடித்த மெத்தைதான் தடுக்கும். வீட்டில்தான் பயன்பாடு என்றால், ஏ.என்.சி.க்குக் கொடுக்கிற பணத்தை நல்ல மெத்தை உள்ளதற்குக் கொடுங்கள்.

எஸ்டேட் பாதையில் சாயங்காலம் நடக்கிறவர்கள் காதை முழுவதும் மூடும் எதையும் போடாதீர்கள். தேயிலைப் புதருக்குப் பின்னால் காட்டெருமை நின்றால், அது மூச்சுவிடும் சத்தம்தான் முதலில் நமக்குத் தெரியவரும். அந்தச் சத்தம் காதில் விழ வேண்டும்.

படி 2: வடிவம்

காதைச் சுற்றி மூடுவது ஓவர்-இயர். காதின் மேல் உட்காருவது ஆன்-இயர். உள்ளே செருகுவது இன்-இயர். ஆன்-இயர் காதுமடலை அழுத்தும். குளிரில் மடல் ஏற்கெனவே விறைத்திருக்கும், அதற்கு மேல் அழுத்தமும் சேர்ந்தால் அரை மணியில் கழற்றிவிடுவீர்கள். இன்-இயர் சின்னது, சட்டைப்பையில் அடங்கும். ஆனால் மலை இறங்கும்போது காது அடைக்கும் நேரத்தில் அதைக் கழற்றிவிடுவது நல்லது. நாள் முழுக்க வேலை என்றால் ஓவர்-இயர்தான்.

ஓவர்-இயரிலும் கப்பின் பின்பக்கம் மூடியது, திறந்தது என்று இரண்டு உண்டு. திறந்ததில் ஒலி விசாலமாக இருக்கும். நீங்கள் கேட்பதை வீட்டில் எல்லோரும் கேட்பார்கள், அவர்கள் பேசுவதும் உங்களுக்குக் கேட்கும். முதல் ஹெட்போன் மூடியதாகவே இருக்கட்டும்.

படி 3: பாட்டுப் போடுவதற்கு முன், தலையில் போட்டுப் பாருங்கள்

இங்கேதான் அவசரப்படக் கூடாது. வீட்டில் போடுகிற கம்பளிக் குல்லாவையும் கண்ணாடியையும் கடைக்குக் கொண்டுபோங்கள். கோயம்புத்தூர் வெயிலில் குல்லாவோடு நின்றால் கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும். காதுக்கும் மெத்தைக்கும் நடுவில் கம்பளி வந்தால் பேஸ் போய்விடும். குல்லாவைக் காதுக்கு மேலே ஏற்றிவிட்டு மெத்தை நேராகத் தோலில் படிகிறதா என்று பாருங்கள். காதுக்குச் சூடு அந்த மெத்தையே தரும்.

கண்ணாடிக்கம்பி மெத்தையைத் தூக்கி ஒரு சந்து உண்டாக்கும். அதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. பாட்டு ஓடும்போது இரண்டு கப்புகளையும் உள்ளங்கையால் மெதுவாக அழுத்துங்கள். பேஸ் சட்டென்று கூடினால், அழுத்தாதபோது ஒழுகுகிறது என்று அர்த்தம். உங்கள் முகத்துக்கு அது பொருந்தவில்லை; எடுத்து வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

பதினைந்து நிமிஷமாவது தலையில் இருக்கட்டும். குனியுங்கள், தாடையை அசையுங்கள். உச்சந்தலையில் ஒரே இடத்தில் வலித்தால் அது நாளாக நாளாக அதிகமாகும். 300 கிராமுக்கு மேல் போனால் கழுத்துக்கும் தெரியும்.

படி 4: ஒலி

கடைக்காரர் போட்டுக் காட்டும் பாட்டை நம்ப வேண்டாம். அது எதில் போட்டாலும் நன்றாகக் கேட்கிற பாட்டாக இருக்கும். உங்களுக்கு அத்துப்படியான பதிவுகளை போனில் இறக்கிக்கொண்டு போங்கள். நான் முதலில் மிருதங்கத் தனி ஆவர்த்தனம் வைப்பேன். தொப்பியில் (மிருதங்கத்தின் இடப்பக்கம்) கும்கி என்கிற வளையும் தாழ்ந்த நாதம் வழுக்கி ஏறும்போது அந்த வளைவு தெளிவாகக் கேட்க வேண்டும், வெறும் 'தொம்' என்று ஊதக் கூடாது. வலப்பக்கமான வலந்தலையில் விழும் விரலடி ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். அடுத்து நாதஸ்வரம். உச்சத்தில் காதைக் குத்தினால் மேல் ஒலிகள் மிகையாக இருக்கின்றன. கடைசியாக ஒரு பெண்குரல். 'ச', 'ஸ' வரும் இடங்களில் சீறல் கூடாது.

ஒப்பிடும்போது எல்லாவற்றையும் ஒரே அளவு சத்தத்தில் வையுங்கள். கொஞ்சம் சத்தமாகக் கேட்பது எப்போதும் நல்லதாகத் தோன்றும். நான் இப்படி ஒருமுறை ஏமாந்திருக்கிறேன்.

படி 5: பெட்டியில் உள்ள எண்கள்

20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் என்பது மனிதக் காதின் எல்லை. அதைவிட அகலமாக அச்சிட்டிருப்பதற்காகப் பணம் கொடுக்காதீர்கள். ஓம் என்பது மின்தடையின் அளவு; போனில் நேராகச் செருகுவதானால் 16 முதல் 32 ஓம் வரை போதும். 1997-இல் வந்த சென்ஹைசர் எச்.டி. 600 அருமையானது, ஆனால் 300 ஓம். அதற்குத் தனி ஆம்ப்ளிஃபையர் இருந்தால்தான் உயிர் வரும். பல ப்ளூடூத் ஹெட்போன்களில் மைக் ஓடும்போது ஒலியின் தரம் இறங்கிவிடும். அழைப்பு வேலைக்கு வயர் உள்ளதே மேல்.

படி 6: அழகு

இதை அலட்சியம் செய்யாதீர்கள். பிடிக்காததை யாரும் தினமும் தலையில் போடுவதில்லை. கண்ணாடி முன் நின்று பக்கவாட்டில் பாருங்கள். கப் தலையை விட்டு ரொம்பத் தள்ளி நிற்கிறதா? வெள்ளை, கிரீம் நிற மெத்தையில் தலைக்குத் தடவிய தேங்காய் எண்ணெய் ஒரே மாதத்தில் கறையாகும். பளபளப்பில் விரல்ரேகை தெரியும். சோனி எம்.டி.ஆர்-7506 வந்தது 1991-இல். இன்றும் ஏறக்குறைய அதே உருவத்தில்தான் விற்கிறது. எளிமையான கறுப்பு, பழசாகத் தெரிவதில்லை.

படி 7: ஈரத்திலிருந்து காப்பாற்றுவது

என் முதல் ஹெட்போனைத் தென்மேற்குப் பருவமழை சமயத்தில் மர பீரோவில் வைத்துவிட்டு ஊருக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து எடுத்தால் மெத்தை முழுக்க வெள்ளைப் பூஞ்சை. துடைத்ததும் செயற்கைத் தோல் சருகு போல உரிந்து கன்னத்தில் ஒட்டியது. அந்த மாடலுக்குத் தனியாக மெத்தை கிடைக்கவில்லை, ஹெட்போனையே தூக்கிப்போட வேண்டியதாயிற்று. அதனால் மெத்தை கழற்றி மாட்டக்கூடியதா, தனியாக விற்கிறார்களா என்று வாங்குமுன் கேளுங்கள். வேலை முடிந்ததும் மெத்தையை உலர்ந்த துணியால் துடைத்து, இறுக்கமாக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள்.

தம்பி வாங்கி வந்தது மூடிய வகை, வயர் உள்ளது, துணி மெத்தை, கறுப்பு. இப்போது அவன் அம்மாவின் பழைய முறுக்கு டப்பாவில்தான் அது ராத்திரி தூங்குகிறது.