கேம் எஞ்சின் எடுக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

இங்கே பெங்களூரு அல்சூரில் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவன், ஐ.டி. வேலை முடிந்து வந்து ராத்திரி நேரத்தில் ஆடு புலி ஆட்டத்தை மொபைல் கேமாகச் செய்ய ஆசைப்பட்டான். 3 புலி, 15 ஆடு, 23 இடம், பலகை அவ்வளவுதான். அதற்குப் போய், பெரிய ஸ்டுடியோக்கள் வைத்திருக்கும் 3டி எஞ்சின் (கேம் உருவாக்க உதவும் மென்பொருள்) ஒன்றைத் தன் 8 ஜிபி லேப்டாப்பில் ஏற்றினான். எடிட்டர் திறக்கக் காத்திருந்தே இரண்டு வாரம் போனது, ஆசையும் பாதியாகிவிட்டது.

பலரும் செய்யும் தவறு இது. நம் கேமையும் நம் மெஷினையும் பார்க்காமல் அடுத்தவர் எதில் செய்கிறார் என்று பார்க்கிறோம். அன்ரியல் என்ற எஞ்சின் 3டி காட்சிகளுக்கு அருமையானது, ஆனால் பல பத்து ஜிபி இடம் கேட்கும். கோடோ என்ற எஞ்சினின் எடிட்டரை இறக்க 200 எம்பி கூட ஆகாது, 2டி பலகைக்குத் தாராளமாகப் போதும். வசனமும் படமுமாகக் கதை சொல்லும் கேம் என்றால் ரென்பை இருக்கிறது. முதல் கேமுக்காக எஸ்.பி. ரோடு போய் ரேம் வாங்காதீர்கள், இருக்கிற மெஷினில் ஓடுவதை எடுங்கள்.

நமக்கென்றே ஒரு தவறு உண்டு, அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்: கேமில் தமிழ் வரப்போகிறது என்றால் அதை முதல் நாளே சோதிக்காமல் விடுவது. தமிழில் 'பெ' என்று டைப் செய்தால் கம்ப்யூட்டருக்குள் 'ப' முதலில் இருக்கும், கொம்பு அதற்குப் பிறகுதான் வரும். திரையில் கொம்பை முன்னால் கொண்டுவருவது எழுத்துகளை வரையும் நிரலின் வேலை. அந்த வேலையைச் செய்யாத எஞ்சினில் கொம்பு பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும், 'ரு', 'ளூ' எல்லாம் உருக்குலைந்து நிற்கும், எவ்வளவு நல்ல ஃபாண்ட் போட்டாலும் சரியாகாது. கோடோ 3இல் இந்தச் சிக்கல் இருந்தது, 2023இல் வந்த கோடோ 4, எழுத்துகளைச் சரியாக அடுக்கித் தரும் ஹார்ஃப்பஸ் நூலகத்தைச் சேர்த்து அதைத் தீர்த்தது. யூனிட்டி என்ற எஞ்சினில் எழுத்துகளைக் காட்டும் டெக்ஸ்ட்மெஷ்புரோவில் தமிழ் எழுதியவர்களுக்கும் இந்தத் தொல்லை நெடுநாளாகப் பழக்கம். சோதிக்க ஒரே வார்த்தை போதும், 'பெங்களூரு'. கொம்பு, புள்ளி, ஊகாரம், உகாரம் எல்லாம் அதிலேயே வந்துவிடுகின்றன. எந்த எஞ்சினை இறக்கினாலும் ஒரு லேபிளில் அதைப் போட்டு, உங்கள் போனிலேயே ஓட்டிப் பாருங்கள்.

அப்புறம் லைசென்ஸ். 2023 செப்டம்பரில் யூனிட்டி, கேம் இன்ஸ்டால் ஆகும் எண்ணிக்கைக்குக் கட்டணம் என்று அறிவித்து, எதிர்ப்பு கிளம்பி, ஓராண்டு கழித்துக் கைவிட்டது. அன்ரியல், ஒரு கேமின் வருமானம் 10 லட்சம் டாலரைத் தாண்டினால், தாண்டிய தொகையில் பொதுவாக 5 சதவீதம் கேட்கும். கோடோ எம்ஐடி லைசென்ஸ், எதுவும் கொடுக்க வேண்டாம். பொழுதுபோக்காகச் செய்கிறவர்கள் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, ஒருமுறை படித்துவைத்தால் சரி.

எந்த போனில் ஓட வேண்டும் என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். ஐபோனுக்கு என்றால் யூனிட்டியானாலும் கோடோவானாலும் ஆப்பிளின் எக்ஸ்கோட் மென்பொருள் வேண்டும், அது மேக்கில் மட்டும்தான் ஓடும். மேக் இல்லையென்றால் ஆண்ட்ராய்டில் தொடங்குங்கள்.

தம்பி இப்போது கோடோ 4இல் செய்கிறான். ஆடுகள் நகர்கின்றன, புலி தாண்டி வெட்டுகிறது, புலி அடைபட்டதா என்று கண்டுபிடிக்கும் பகுதியை இந்த வாரம் எழுதிக்கொண்டிருக்கிறான்.